சக்கர நாற்காலி யாருடைய தெருவில் ஓடும்?

டிசம்பர் 3 வந்துவிட்டால் பந்தல் போடுகிறார்கள், பேனர் கட்டுகிறார்கள். வரிசையாக நிறுத்திவைத்த சக்கர நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நம் மக்கள் காலையிலிருந்து காத்திருக்கிறார்கள். பதினோரு மணிக்கு வரவேண்டியவர் ஒரு மணிக்கு வருகிறார். பொன்னாடை, புகைப்படம், கைதட்டல். மறுநாள் நாளிதழில் 'இத்தனை பயனாளிகளுக்கு இத்தனை லட்சம் மதிப்பில் உதவி உபகரணங்கள்' என்று செய்தி வருகிறது. ஆறு மாதம் கழித்து அந்த உபகரணங்கள் என்ன ஆயின என்பது மட்டும் எந்த நாளிதழிலும் வருவதில்லை.

நாம் சொல்கிறோம். சேரிக்குள் வந்து பாருங்கள். ஒரு வீட்டு வாசலில் சக்கர நாற்காலியில் துணி காய்கிறது. இன்னொரு வீட்டில் காலிப்பர் கூரையில் செருகிக் கிடக்கிறது. காதுகேள் கருவி பேட்டரி தீர்ந்து பிளாஸ்டிக் டப்பாவில் தூங்குகிறது. 'கொடுத்தோம், இவர்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை' என்று அதிகாரிகள் சலித்துக்கொள்கிறார்கள். படிப்பு கொடுத்தோம் இவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை, வீடு கொடுத்தோம் இவர்களுக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று இதுவரை பாடிய அதே பாட்டுதான். ராகம்கூட மாறவில்லை.

நம் பதில் இதுதான். கருவியைக் கையில் திணிப்பது வேறு, கருவியை ஒரு மனிதரின் வாழ்க்கையோடு பொருத்துவது வேறு. இந்த இரண்டாவது வேலைக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி, தமிழில் தொழில்வழிச் சிகிச்சை. அந்தத் துறை சேரியின் வாசலை மிதிக்கவில்லை. ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்றால் நாம் நம்பத் தயாரில்லை. பற்றாக்குறை எப்போதும் ஏன் நம் தெருவில் மட்டும் வந்து முடிகிறது?

உடம்பில் எழுதப்பட்ட சாதி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். மொத்த மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. அதே கணக்கெடுப்பு பட்டியல் சாதியினரிடையே இந்த விகிதம் 2.45 விழுக்காடு என்கிறது. பட்டியல் சாதியும் பழங்குடியும் அல்லாதவர்களிடம் 2.18. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இந்த வித்தியாசம் சிறியது என்று யாராவது சொன்னால், இருபது கோடித் தலித் மக்களோடு அதைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து லட்சம் உடம்புகள் வரும்.

இந்த உடம்புகள் வேறு களிமண்ணால் செய்யப்பட்டவை அல்ல. செங்கல் சூளையில், கல்குவாரியில், பட்டாசு ஆலையில், கட்டடச் சாரத்தில், கரும்புத் தோட்டத்தில், பாதாளச் சாக்கடையில் நிற்க வைக்கப்பட்ட உடம்புகள். கர்ப்பத்தில் சோறு கிடைக்காத தாய்க்கும், பிரசவத்துக்கு நேரத்தில் வண்டி கிடைக்காத காலனிக்கும் பிறந்த உடம்புகள். யார் எந்த வேலை செய்ய வேண்டும் என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. எந்த விரல் போகும், எந்த முதுகெலும்பு முறியும் என்பதை அந்த வேலை தீர்மானிக்கிறது. இதைப் 'பூர்வஜென்ம வினை' என்பவர்களிடம் பேச நமக்கு ஒன்றுமில்லை. 'விபத்து' என்பவர்களிடம் மட்டும் கேட்கிறோம், விபத்து ஏன் எப்போதும் ஒரே தெருவுக்கு வருகிறது?

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஊனமுற்றால் குறைந்தது 10 லட்சம், நிரந்தரமாக ஊனமுற்றுப் பிழைப்பை இழந்தால் குறைந்தது 20 லட்சம் என்றது. போராடிப் பெற்றது அது. ஆனால் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதும் முறிந்த தண்டுவடம் எழுந்து உட்கார்ந்துவிடாது. எரிந்து சுருங்கிய கை தானாக விரியாது. தீக்காயத்துக்குப் பிறகு கையைச் சரியான நிலையில் வைத்திருக்க ஸ்பிளின்ட் வேண்டும். காயம் ஆற ஆற அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மாதக்கணக்கில் இரவெல்லாம் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் தோல் இழுத்துக்கொண்டு விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிவிடும். விருதுநகர் மாவட்டத்துக் காலனிகளில் அப்படி ஒட்டிப்போன கைகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கைகளை முடக்கியதில் தீயின் பங்கு பாதிதான். வராத ஸ்பிளின்டின் பங்கு மீதிப் பாதி.

அப்படியென்ன சிகிச்சை அது?

மருத்துவர் உயிரைக் காப்பாற்றுகிறார். இயன்முறை மருத்துவர் முழங்காலை மடக்கி நீட்ட வைக்கிறார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கிறார்: 'மடக்கி நீட்டி என்ன செய்யப் போகிறீர்கள்? காலையில் எழுந்தால் எங்கே போவீர்கள்? கழிப்பறை எங்கே இருக்கிறது? அடுப்பு தரையிலா மேடையிலா? பிள்ளையை யார் குளிப்பாட்டுகிறார்கள்? என்ன வேலை செய்ய ஆசை?' இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலிலிருந்துதான் கருவி பிறக்க வேண்டும்.

கருவி என்றால் லட்சக்கணக்கில் விலை என்று பயப்பட வேண்டாம். கரண்டிப் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கினால், பிடிமானம் இழந்த கை மறுபடி சோறு அள்ளும். உள்ளங்கையில் ஒரு தோல் பட்டையைக் கட்டி அதில் கரண்டியையோ பேனாவையோ செருகினால், விரலே அசையாதவர் தானே சாப்பிடுவார், தானே கையெழுத்துப் போடுவார். அரிவாள்மனையைத் தரையிலிருந்து தூக்கி ஒரு பெஞ்சில் பொருத்தினால், செயற்கைக் கால் போட்ட பெண் நின்றபடியே காய் நறுக்குவார். இதில் எதற்கும் வெளிநாட்டு இறக்குமதி தேவையில்லை. வீட்டுக்குள் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தொட்டுப் பார்த்து, பேசிக் கேட்கிற ஒரு மனிதர் தேவை.

தொட்டுப் பார்க்கிற மனிதர். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இந்தச் சிகிச்சை தொடாமல் நடக்காது. தொடையை அளக்க வேண்டும், இடுப்பைப் பிடிக்க வேண்டும், வெட்டுப்பட்ட காலின் மிச்சத்தைக் கையில் ஏந்தி வீக்கம் பார்க்க வேண்டும். தீண்டாமையை இரண்டாயிரம் ஆண்டு பயிற்சியாக வைத்திருக்கும் சமூகத்தில் இந்தத் தொடுகை யாருக்குத் தாராளமாகக் கிடைக்கும், யாருக்கு அவசர அவசரமாக முடியும் என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நாங்கள் போன ஒரு முகாமில் அளவெடுப்பவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. 'சைஸ் எட்டு' என்று கண்ணால் பார்த்தே எழுதிக்கொண்டார். துணிக்கடையில்கூட டேப் வைத்துத்தான் அளக்கிறார்கள்.

இந்தியாவில் ஆக்குபேஷனல் தெரபிக்கு 1950-லேயே பள்ளி தொடங்கப்பட்டுவிட்டது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார். நம் வேலூரிலோ, விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலியிலிருந்தபடியே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸ், 1960களில் மறுவாழ்வுச் சிகிச்சைக்கென்று தனி நிலையத்தை எழுப்பினார். அதே வேலூரில் அதற்கு முன்பே பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைசெய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து, 'மடங்கிய கைக்குப் பிச்சையாவது விழுந்தது, இப்போது அதுவும் இல்லை, வேலையும் யாரும் தருவதில்லை' என்றார்களாம். கையைச் சரிசெய்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஊர் வேலை கொடுக்க வேண்டும் என்று அங்கே புரிந்தது. அவர்களுக்கென்று தொழிற்பயிற்சி நிலையம் பிறந்தது. எழுபது ஆண்டுக்கு முந்தைய பாடம் அது. இன்றைய முகாம் மேடைகளுக்கு இன்னும் அது எட்டவில்லை.

ஜெய்ப்பூர் கால் கதையும் இதைத்தான் சொல்கிறது. மேல்நாட்டுச் செயற்கைக் கால்கள் ஷூ போட்டு நாற்காலியில் உட்காருபவருக்காகச் செய்யப்பட்டவை. சம்மணமிட முடியாது, குந்த முடியாது, சேற்றில் இறங்க முடியாது. நம் மக்கள் அவற்றைக் கழற்றி வீசியதில் வியப்பில்லை. 1960களின் கடைசியில் ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில் ராம் சந்திர சர்மா என்கிற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்கிற அறுவைச் சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து ரப்பரில் ஒரு காலை உருவாக்கினார்கள். வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், வயலில் இறங்கலாம். உழைப்பவரின் தரையிலிருந்து யோசித்ததால் அது வென்றது. மகசேசே விருது 1981-ல் மருத்துவருக்குப் போனது. கைவினைஞரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையால் உழைப்பவனின் அறிவுக்கு இந்த நாடு வைத்திருக்கும் இடம் அவ்வளவுதான்.

எட்டுப் படியில் ஒரு படி

சக்கர நாற்காலி வழங்குவது எப்படி என்று உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எட்டுப் படிகள். பரிந்துரை, மதிப்பீடு, எந்த நாற்காலி என்று முடிவுசெய்தல், பணமும் கொள்முதலும், நாற்காலியைத் தயார்செய்தல், உடம்போடு பொருத்துதல், பயிற்சி, பிறகு பராமரிப்பும் பழுதுபார்ப்பும் தொடர் கண்காணிப்பும். நம் முகாம்களில் நடப்பது கொள்முதல் என்கிற ஒரே படி. அத்துடன் எந்த வழிகாட்டுதலிலும் இல்லாத ஒன்பதாவது படி ஒன்றும் உண்டு, புகைப்படம்.

மீதிப் படிகள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தண்டுவடம் முறிந்தவருக்கு இடுப்புக்குக் கீழே வலி தெரியாது. அவருக்கு நாற்காலியோடு சரியான மெத்தை கொடுக்க வேண்டும். கையை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கி அழுத்தத்தை மாற்றப் பழக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் புண் வரும், எலும்பு வரை இறங்கும், இரத்தத்தில் நஞ்சேறும், ஆள் போய்விடுவார். வெறும் ரெக்ஸின் துணி போட்ட நாற்காலியை அவருக்கு இலவசமாகக் கொடுத்தவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? மூளை முடக்குவாதம் உள்ள ஐந்து வயதுக் குழந்தையைப் பெரியவர்களின் நாற்காலியில் வைத்தால், பக்கவாட்டில் சரிந்து சரிந்தே முதுகு வளைந்துவிடும். வெட்டுப்பட்ட காலின் மிச்சப் பகுதி முதல் சில மாதங்களில் சுருங்கிக்கொண்டே வரும், முதலில் போட்ட சாக்கெட் தளர்ந்து உரசிப் புண்ணாக்கும். மறுபடி அளவெடுத்து மாற்ற வேண்டும். ஆனால் ஒன்றிய அரசின் அடிப் திட்டத்தில் அதே உபகரணத்தை மறுபடி கேட்கப் பெரியவர்கள் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். உடம்பு மாதக் கணக்கில் மாறுகிறது, கோப்பு ஆண்டுக் கணக்கில் நகர்கிறது.

அந்தத் திட்டம் 1981-லிருந்து இருக்கிறது. உபகரணம் செய்ய கான்பூரில் அலிம்கோ என்கிற பொதுத்துறை நிறுவனம் 1972-லிருந்து இருக்கிறது. ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. பிறகு 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. பொட்டுக்கும் குங்குமத்துக்கும் வரி இல்லை என்றார்கள். சக்கர நாற்காலிக்கும் பிரெயில் கருவிக்கும் 5 விழுக்காடு வரி போட்டார்கள். நடப்பதற்கும் படிப்பதற்கும் வரி கட்டு என்று சொன்ன அரசு எது புனிதம், எது ஆடம்பரம் என்று தான் நினைப்பதை வெளிப்படையாகவே எழுதிவைத்தது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செயற்கைக் கால் பொருத்தத் தொடை வரை சேலையை உயர்த்த வேண்டும். முகாமில் மறைப்பு இருக்காது, அளவெடுப்பவர் ஆணாக இருப்பார். பல பெண்கள் பாதியில் எழுந்து வந்துவிடுகிறார்கள். 'பயனாளி வரவில்லை' என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஒரு மறைப்புத் துணியும் ஒரு பெண் ஊழியரும் இல்லாததற்குப் பெயர் 'பயனாளியின் அலட்சியம்'.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சக்கர நாற்காலி ஒரே இடத்தில் நின்று திரும்ப ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி விட்டம் வேண்டும். சரிவுப் பாதை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் இருக்க வேண்டும். ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். மழைநீர் புகாமல் இருக்க ஒன்றரை அடி உயர்த்திக் கட்டிய வீட்டுக்குப் பதினெட்டு அடிச் சரிவுப் பாதை தேவை.

இப்போது நம் காலனிக்கு வாருங்கள். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கிராமப்புற வீட்டின் குறைந்தபட்ச அளவு சமையலுக்கான இடமும் சேர்த்து 25 சதுர மீட்டர். அதில் கட்டில், பாத்திரம், ஐந்து பேர். அதற்குள் ஐந்தடி வட்டம் எங்கே? வாசலிலிருந்து எதிர்வீட்டுச் சுவர் வரை எட்டடிச் சந்து. பதினெட்டு அடிச் சரிவுப் பாதையை எங்கே போடுவது, எதிர்வீட்டு அடுப்பங்கரையிலா?

'இட நெருக்கடி, என்ன செய்ய முடியும்' என்று இதைக் கடந்து போக முடியாது. ஊருக்கு நடுவில் ஏக்கர் கணக்கில் இடமிருக்க, ஊருக்கு வெளியே, ஏரி மறுகாலுக்குப் பக்கத்தில், மூன்று சென்ட் மூன்று சென்டாக அளந்து நம்மை வைத்தது யார்? தார்ச்சாலை ஊர் முடியும் இடத்தில் முடிவதும், பேருந்து அங்கேயே திரும்பிப் போவதும் தற்செயலா? சக்கரம் ஓடத் தரை வேண்டும். தரையைப் பறித்துக்கொண்டு சக்கரத்தைத் தானம் செய்கிறார்கள்.

காலிப்பரைக் கழற்றிக் கையில் எடு

2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் கிராமத்தில் தலித் மக்கள் செருப்பணிந்து ஒரு தெருவில் நடந்தார்கள். அது செய்தியானது. காலில் செருப்போடு ஒரு தெருவில் நடப்பது 2023-ல் செய்தியாகிற மாநிலம் இது. அதற்கு மூன்றாண்டு முன்பு கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது.

இப்போது உதவி உபகரணத்தை எடுத்துக்கொள்வோம். காலிப்பர் என்பது இரும்புக் கம்பியும் தோல் பட்டையும் மட்டுமல்ல, அதன் அடியில் ஒரு ஷூ இருக்கிறது. போலியோவால் கால் மெலிந்தவர் அந்த ஷூவைக் கழற்றினால் காலிப்பரையே கழற்ற வேண்டும், கழற்றினால் நிற்க முடியாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போ என்று சொல்லும் தெருவில் அவர் என்ன செய்வார்? தவழ்ந்து போவாரா? சக்கர நாற்காலி என்பது சக்கரம் வைத்த நாற்காலி. தலித் தலைவருக்கே நாற்காலி இல்லாத இடத்தில், தலித் மாற்றுத்திறனாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெருவைக் கடப்பதை ஆதிக்கச் சாதியின் கண் எப்படிப் பார்க்கும்? இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை அரசு கொடுக்கிறது. அந்த ஸ்கூட்டரிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று ஒருவரிடம் சொல்வது, நீ இந்த வழியாக வரவே வராதே என்று சொல்வதன்றி வேறென்ன?

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் செருப்பணிவதையும் தடுப்பதைக் குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, ஒருவரின் உறுப்பையோ அவரைத் தாங்கும் கருவியையோ சேதப்படுத்துவதையும் அதன் பயன்பாட்டில் தலையிடுவதையும் தண்டனைக்குரியதாக்குகிறது, ஐந்தாண்டு வரை சிறை. இரண்டு சட்டமும் ஒரே மனிதருக்கு ஒரே நேரத்தில் பொருந்தும். காவல் நிலையத்தில் ஒன்றைக்கூட எழுதவைக்கத் தர்ணா இருக்க வேண்டியிருக்கிறது. இனி இரண்டையும் எழுதச் சொல்லிக் கேட்போம். ஊன்றுகோலைப் பிடுங்குவது பொருளைப் பிடுங்குவதல்ல, காலை ஒடிப்பது.

எந்தத் தொழில்?

'தொழில்வழிச் சிகிச்சை' என்கிற பெயரிலேயே நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தொழில் என்ற சொல் நமக்குச் சாதாரணச் சொல் அல்ல. 1953-ல் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி இந்த மண் விரட்டியது. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாக அடுக்கி வைக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் நமக்குக் காட்டினார்.

ஆக்குபேஷனல் தெரபியின் பாடப்புத்தகத்தில் தொழில் என்பதன் பொருள் வேறு. ஒரு மனிதர் தனக்குத் தேவையென்றும் தனக்குப் பொருளுள்ளதென்றும் நினைத்துச் செய்கிற எல்லாம் அதில் அடக்கம். குளிப்பது, சமைப்பது, படிப்பது, சம்பாதிப்பது, பறையடிப்பது, பேரப்பிள்ளையோடு விளையாடுவது எல்லாம். தேர்ந்தெடுப்பவர் அந்த மனிதர். நியாயமாகப் பார்த்தால் இது சாதிக்கு நேரெதிரான தத்துவம். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? 'உங்க ஆளுங்க வழக்கமா என்ன வேலை செய்வாங்க?' என்று கேட்டுவிட்டு, செருப்புத் தைக்கவும் கூடை பின்னவும் காகிதக் கவர் ஒட்டவும் பயிற்சி தருகிறார்கள். கால் போன துப்புரவுத் தொழிலாளியிடம், 'உட்கார்ந்தபடியே குப்பை பிரிக்கலாமே' என்று ஆலோசனை சொன்னவரை நாம் அறிவோம். உடம்பு மாறினாலும் குலத்தொழில் மாறக்கூடாதாம்!

கணினியைக் கொடுங்கள் என்கிறோம். பார்வையற்றவர் கணினியில் படிக்க உதவும் என்விடிஏ மென்பொருள் இலவசம். அதை 2006-ல் எழுதத் தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர். அது தமிழையும் வாசிக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலேயே டாக்பேக் இருக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லாத இந்தக் கருவிகளைக் கற்றுத்தர ஆதிதிராவிடர் நல விடுதிகளில் யார் இருக்கிறார்கள்? ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் எத்தனை பள்ளிகளுக்குத் தெரபிஸ்ட் ஒருமுறையாவது வந்திருக்கிறார்?

மூன்று பேருக்குப் பதில்

அதிகாரிகள் சொல்கிறார்கள், 'உபகரணம் கொடுக்கும்போது நாங்கள் சாதி பார்ப்பதில்லை.' பாருங்கள் என்கிறோம். யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் வீட்டில் இன்னும் ஓடுகிறது என்று சாதிவாரியாகக் கணக்கெடுத்து வெளியிடுங்கள். சாதி பார்க்காதவர்கள் கணக்குக்கு ஏன் பயப்பட வேண்டும்?

மாற்றுத்திறனாளி இயக்கத் தோழர்கள் சிலர், 'நாம் எல்லோரும் ஒரே சாதி, மாற்றுத்திறனாளி சாதி' என்கிறார்கள். அன்பில் சொல்வது புரிகிறது. ஆனால் சரிவுப் பாதை போட்ட கோயிலுக்குள் உங்கள் நாற்காலி போகும், எங்களுடையது பல ஊர்களில் வாசலோடு நிற்கும். உங்களுக்குத் தடையாக இருப்பது படிக்கட்டு. எங்களுக்குப் படிக்கட்டும் அதன்மேல் நிற்கிற ஆளும். இரண்டையும் சேர்த்துப் பேசாத ஒற்றுமை எங்கள் பாதியை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துகிறது.

நம் இயக்கத் தோழர்கள் சிலர், 'முதலில் நிலம், பிறகு அதிகாரம், இதெல்லாம் அப்புறம்' என்கிறார்கள். தோழர்களே, ஐந்தடி வட்டமும் பதினெட்டு அடிச் சரிவும் நிலப் பிரச்சினை இல்லையா? காலிப்பரோடு தெருவைக் கடப்பது தீண்டாமை ஒழிப்பு இல்லையா? பட்டா ஊர்வலத்தில் யாரைத் தோளில் தூக்கி வருவது, யாரை வீட்டிலேயே விட்டு வருவது என்று முடிவுசெய்கிற உரிமை யாருக்கும் கிடையாது. அவர்கள் தங்கள் சக்கரத்தில் தாங்களே வர வேண்டும்.

நாம் கேட்பது

தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனில் 'உரிமைகள் திட்டம்' நடக்கிறது. 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கிறார்கள். வரவேற்கிறோம். 2024-ல் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான துணைத்திட்ட நிதியை வேறு எதற்கும் திருப்பாமல் இருக்கத் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. அதையும் வரவேற்கிறோம். ஆகவே பணமில்லை, அமைப்பில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஒன்று, முகாம் நாடகத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நிரந்தர ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பணியிடம் வேண்டும். அவர் வீட்டுக்கு வர வேண்டும். வருகைப் பதிவேட்டில் காலனியின் பெயர் இருக்க வேண்டும்.

இரண்டு, எட்டுப் படிகளும் முடியாத எந்த உபகரணத்தையும் 'வழங்கப்பட்டது' என்று கணக்கில் எழுதக் கூடாது. ஆறாவது மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மூன்று, பழுதுபார்க்கும் பட்டறை வட்டாரத்திலேயே வேண்டும். நம் தெருக்களில் வெல்டர் இருக்கிறார், தச்சர் இருக்கிறார், தோல் வேலை தெரிந்தவர் இருக்கிறார். அவர்களுக்குப் பயிற்சியும் அரசுச் சம்பளமும் கொடுங்கள், நம் மாற்றுத்திறனாளி இளைஞர்களை முதலில் எடுங்கள்.

நான்கு, தலித் மாற்றுத்திறனாளிக்கு ஒதுக்கும் வீடு அவர் உடம்பின் அளவில் இருக்க வேண்டும். வாசல், கழிப்பறை, சரிவு எல்லாவற்றுக்கும் தேவையான இடத்தோடு பட்டா கொடுங்கள்.

ஐந்து, ஆக்குபேஷனல் தெரபிப் படிப்பு அரசுக் கல்லூரிகளில் விரிய வேண்டும். கட்டணம் கட்ட வழியுள்ள வீட்டுப் பிள்ளைகளே தெரபிஸ்டாக வந்தால், சேரிக்கு வழி தெரியாத தெரபிஸ்டுகள்தான் வருவார்கள்.

ஆறு, பெண்களுக்குப் பெண் ஊழியர், மறைவான இடம். இதைக் கோரிக்கையாக எழுத வேண்டியிருப்பதே வெட்கம்.

ஏழு, சாதிவாரிக் கணக்கு. மாவட்டவாரியாக, ஆண்டுதோறும், பொதுவெளியில்.

இவற்றில் எதுவும் சலுகை அல்ல. சூளையில் வெந்த கைக்கும் சாக்கடையில் மூச்சடைத்த மூளைக்கும் கல்குவாரியில் நசுங்கிய காலுக்கும் இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது பந்தல் போட்டுப் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அடுத்த டிசம்பர் 3-க்கு நம் மக்கள் வெயிலில் காத்திருக்க வேண்டாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடாத நாற்காலிகளையும் பொருந்தாத கால்களையும் பேட்டரி இல்லாத கருவிகளையும் எடுத்துக்கொண்டு போவோம். வாசலில் வரிசையாக வைப்போம். அதையும் புகைப்படம் எடுக்கட்டும்.